ஒரே உறையில் மூன்று கத்திகள்

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களும் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். இரண்டு குவார்ட்டர்பேக் இருக்கிற அணிக்கு உண்மையில் ஒரு குவார்ட்டர்பேக்கும் இல்லை என்பது அங்கே தேய்ந்துபோன வசனம். ஆனால் 2018-ஆம் ஆண்டு அலபாமா பல்கலைக்கழக அணியில் ஒரே உறையில் இரண்டு அல்ல, மூன்று கத்திகள் இருந்தன. ஜேலன் ஹர்ட்ஸ், டுவா டகோவைலோவா, மாக் ஜோன்ஸ். மூன்று பேருமே பிற்பாடு என்.எஃப்.எல். தொழில்முறை லீகில் தொடக்க குவார்ட்டர்பேக்காக ஆடியவர்கள்.

அந்த மூன்று பேர் கதையை அலபாமா ரசிகர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். "அந்தக் காலத்துப் பையன்கள் காத்திருந்தார்கள், இந்தக் காலத்துப் பையன்கள் ஓடிவிடுகிறார்கள்" என்று கூடவே ஒரு பெருமூச்சும் வரும். பெருமை சரி. அந்தப் பெருமூச்சு சரியா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல, பெரும்பாலும் கையால் எறிவதும் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான். ஒரு நேரத்தில் களத்தில் 11 பேர். 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்கு. எறிவதா, அடுத்தவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று சில விநாடிகளில் முடிவு செய்கிறவன் அவன்தான்.

மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஓடுகிறவர்கள் மூன்று பேர் இருந்தால் மூன்று பேருக்கும் வேலை கிடைக்கும். பந்தைப் பிடிக்கிறவர்கள் ஆறு பேர் இருந்தாலும் அப்படித்தான். குவார்ட்டர்பேக் மட்டும் ஒருவன்தான். இரண்டாவது ஆள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், முதல் ஆள் அடிபட்டாலோ சொதப்பினாலோ தவிர அவனுக்குக் களம் கிடையாது. அதுவரை தொப்பி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். கல்லூரி ஆட்டத்தில் ஒருவனுக்குக் கிடைப்பதே நான்கு பருவங்கள். அதில் ஒன்று போனால் கால் பங்கு போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஹர்ட்ஸ் டெக்சாஸ் மாநிலத்துப் பையன். அப்பாவே பள்ளி அணியின் கோச். 2016-இல் முதலாண்டு மாணவனாகவே அலபாமாவின் தொடக்க குவார்ட்டர்பேக் ஆனார். அந்த ஆண்டு அணி ஒரு தோல்வியும் இல்லாமல் இறுதி ஆட்டம் வரை போனது. 2017 ஜனவரியில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 30 கெஜம் ஓடி டச் டவுன் போட்டு அணியை முன்னால் கொண்டுவந்தவர் ஹர்ட்ஸ்தான். ஆனால் ஆட்டம் முடிய ஒரு விநாடி இருக்கும்போது கிளம்சன் அணி டச் டவுன் போட்டு 35-31 என்று ஜெயித்துவிட்டது.

அடுத்த ஆண்டும் அலபாமா இறுதி ஆட்டத்துக்கு வந்தது. 2018 ஜனவரி 8, அட்லாண்டா. எதிரில் ஜார்ஜியா. முதல் பாதி முடிவில் அலபாமா 0, ஜார்ஜியா 13. ஹர்ட்ஸ் எறிந்த 8 பந்துகளில் 3 மட்டுமே சேர்ந்தன, மொத்தம் 21 கெஜம். இடைவேளையில் கோச் நிக் சேபன் அவரை உட்கார வைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்திருந்த முதலாண்டு இடதுகை மாணவன் டுவாவை இறக்கினார். அந்த ஆட்டத்தையும் சேர்த்து ஹர்ட்ஸ் தொடக்க ஆளாக இறங்கிய 28 ஆட்டங்களில் 26 வெற்றி. அப்படிப்பட்டவரைத்தான் தேசமே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் பாதியில் மாற்றினார்கள்.

டுவா மூன்று டச் டவுன் எறிந்தார். ஆட்டம் 20-20 என்று சமன் ஆகி கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா ஃபீல்ட் கோல் போட்டு 23-20. அலபாமாவின் முதல் முயற்சியிலேயே டுவா பிடிபட்டு 16 கெஜம் பின்னால் போனார். முடிந்தது கதை என்று நினைத்திருப்பார்கள். அடுத்த பந்திலேயே 41 கெஜ தூரத்துக்கு எறிந்தார். டெவோன்டா ஸ்மித் என்ற இன்னொரு முதலாண்டு மாணவர் பிடித்தார். 26-23. சாம்பியன்!

அந்த இரவு கேமரா ஹர்ட்ஸையும் காட்டிக்கொண்டே இருந்தது. தன் இடத்தைப் பிடித்தவனைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். வயது 19.

அதற்கப்புறம்தான் உண்மையான கதை. அடுத்த ஏழெட்டு மாதம் அலபாமா ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 26 வெற்றி கொடுத்தவனா, ஒரு பாதியில் கோப்பை கொடுத்தவனா? ஹர்ட்ஸ் போய்விடுவாரா, இருப்பாரா? எல்லோரும் அவரைப் பற்றிப் பேசினார்கள். 2018 ஆகஸ்டில் நிருபர்களிடம் ஹர்ட்ஸ் வாய் திறந்தபோது, இத்தனை நாளாக தன் மனதில் என்ன இருக்கிறது என்று யாருமே வந்து கேட்கவில்லை என்ற அர்த்தத்தில் சொன்னார். ரசிகர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அணிக்குள் வைத்துப் பேச வேண்டியதை வெளியே பேசலாமா என்றார்கள். உள்ளே கேட்கிறவர் இருந்தால் வெளியே ஏன் பேசப்போகிறார்?

பருவம் தொடங்கியதும் டுவா முதல் ஆள், ஹர்ட்ஸ் இரண்டாவது ஆள் என்று ஆனது. அந்த ஆண்டுதான் ஒரு புது விதி வந்திருந்தது. ஒரு மாணவர் நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாவிட்டால் அந்தப் பருவம் அவர் கணக்கில் சேராது, நான்கு ஆண்டுத் தகுதியில் ஒன்று மிச்சம். ஆக, நான்காவது ஆட்டம் முடிந்த கையோடு இரண்டாவது இடத்தில் இருக்கும் ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

அந்த வாரத்தில் இரண்டு பேர் இரண்டு முடிவு எடுத்தார்கள். கிளம்சனில் கெல்லி பிரையன்ட். முந்தைய ஆண்டு அணியை அரையிறுதி வரை கொண்டுபோனவர். முதலாண்டு மாணவன் ட்ரெவர் லாரன்ஸ்தான் இனி தொடக்க ஆள் என்று அணி அறிவித்ததும், நான்கு ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டு விலகினார். அலபாமாவில் ஹர்ட்ஸ் செப்டம்பர் 29 அன்று ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார். அதாவது அந்தப் பருவத்தைச் சேமிக்கும் வாய்ப்பைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார். அதே நாளில் கிளம்சனின் லாரன்ஸ் சிராக்யூஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அடிபட்டு வெளியேறினார். பிரையன்ட் இல்லை. சேஸ் பிரைஸ் என்ற அனுபவமில்லாத பையன் இறங்கி, கடைசியில் 94 கெஜம் அணியை நகர்த்தி 27-23 என்று காப்பாற்றினார்.

ரசிகர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இருந்தவன் நல்லவன், போனவன் சுயநலவாதி.

டிசம்பர் 1 அன்று அந்தத் தீர்ப்புக்கு முத்திரையும் விழுந்தது. தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். அதே அட்லாண்டா, அதே மைதானம், அதே ஜார்ஜியா. இந்த முறை சொதப்பிய டுவா கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். நான்காவது கால்பகுதி, அலபாமா 21-28 என்று பின்தங்கியிருந்தது. ஹர்ட்ஸ் இறங்கினார். எறிந்த 9 பந்தில் 7 சேர்ந்தது. ஒரு டச் டவுன் எறிந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பிறகு ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது தானே 15 கெஜம் ஓடி வெற்றியையும் எடுத்துக் கொடுத்தார். 35-28. சினிமாவில் வைத்தால்கூட நம்ப மாட்டார்கள்.

இதில் பலர் மறந்துவிட்ட ஒரு விஷயம் உண்டு. 28-28 என்று இருந்தபோது, சுமார் மூன்று நிமிடம் மிச்சமிருக்கையில், ஜார்ஜியா ஒரு தந்திரம் செய்து பார்த்தது. பந்தை உதைப்பது போலக் காட்டிவிட்டு, தங்கள் இரண்டாவது குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்து ஓடவைத்தார்கள். அது பலிக்கவில்லை. அங்கிருந்துதான் அலபாமாவின் கடைசி டச் டவுன் வந்தது. அந்த இரண்டாவது குவார்ட்டர்பேக்கின் பெயர் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். அந்தப் பருவம் முடிந்ததும் அவர் ஒஹையோ ஸ்டேட் போனார், அங்கே நட்சத்திரம் ஆனார். ஆக அன்றைக்கு ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்த இரண்டு கட்டங்களிலும் பந்து இருந்தது பெஞ்ச் ஆட்களின் கையில்.

இனி கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கடையில் இரண்டு மாத சரக்கைக் கூடுதலாக வாங்கி கிடங்கில் வைத்தால், அதற்கான செலவு யாருடையது? கடைக்காரருடையது. முடங்கிய பணம், கிடங்கு வாடகை, வட்டி எல்லாம் அவர் தலையில். காப்பீடு எடுத்தால் பிரீமியம் கட்டுகிறவரும் அவர்தான். இரண்டாவது குவார்ட்டர்பேக் என்பவன் அணிக்குக் காப்பீடு. அந்தக் காப்பீட்டின் மதிப்பு டிசம்பர் 1 அன்று தெரிந்தது. ஆனால் பிரீமியம் கட்டியது அலபாமா அல்ல. 20 வயதுப் பையன் தன் ஆட்ட வாழ்க்கையின் ஒரு வருடத்தைக் கொடுத்துக் கட்டினான்.

படிப்பு இலவசம்தானே என்பார்கள். உண்மை. அப்போது ஒரு அணி 85 பேருக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம். அதற்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2017-இல் கோச்சுக்குக் கிடைத்தது ஒரு கோடி டாலருக்கும் மேல். ஆடுகிறவர்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில்கூட சம்பாதிக்கக் கூடாது என்று விதி. கோச்சுக்கு வேறு பெரிய வேலை கிடைத்தால் மறுநாளே போகலாம். பட்டம் வாங்காத மாணவன் வேறு பல்கலைக்கழக அணிக்கு மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். இப்படி ஒரு கணக்கில் பையனிடம் மட்டும் விசுவாசம் கேட்பது எந்த நியாயம்?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹர்ட்ஸ் இருந்ததை வெறும் தியாகமாக மட்டும் பார்ப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவது. 2018 ஜனவரியிலேயே அவர் போயிருந்தால், விதிப்படி ஒரு வருடம் சும்மா இருந்திருக்க வேண்டியிருக்கும். இருந்ததால் என்ன ஆயிற்று? 2018 டிசம்பரில், சேர்ந்து மூன்றே ஆண்டில், பட்டம் வாங்கினார். பட்டதாரிகள் அணி மாறினால் உடனே ஆடலாம். 2019-இல் ஒக்லஹோமாவுக்குப் போனார், அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார், ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். அந்த விருதை வாங்கிய ஜோ பர்ரோவும் ஒஹையோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல், பட்டம் முடித்துக்கொண்டு எல்.எஸ்.யு.வுக்கு மாறியவர்தான். அந்த ஆண்டு தேசத்திலேயே முதல் இரண்டு இடங்களைப் பிடித்த இருவரும் 'ஓடிப்போனவர்கள்'. ஹர்ட்ஸ் இருந்ததிலும் கணக்கு இருந்தது, பிரையன்ட் போனதிலும் கணக்கு இருந்தது. ஒருவர் கணக்கு ரசிகர்களுக்கு லாபமாக முடிந்தது, இன்னொருவர் கணக்கு அப்படி முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். பெரிய தர்ம நியாயம் எதுவும் அதில் இல்லை.

அதற்காக பெஞ்சில் ஆழம் தேவையில்லை என்று ஆகிவிடாது. 2014 ஒஹையோ ஸ்டேட் அணியைப் பாருங்கள். முதல் குவார்ட்டர்பேக் ப்ராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்டிலேயே தோளில் அடிபட்டு அந்தப் பருவத்தையே இழந்தார். இரண்டாவது ஆள் ஜே.டி. பாரெட் பிரமாதமாக ஆடினார், நவம்பர் கடைசியில் மிச்சிகனுக்கு எதிராக கணுக்கால் உடைந்தது. மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் தொடக்க ஆளாக இறங்கிய முதல் ஆட்டத்தில் விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கினார். இரண்டாவது ஆட்டத்தில் அலபாமாவையே 42-35. மூன்றாவது ஆட்டம் இறுதி, ஓரிகானை 42-20. மொத்தம் மூன்றே ஆட்டம் ஆடி ஒரு கோப்பை. பட்டியலில் மூன்றாவது பெயர் வெறும் அலங்காரம் அல்ல என்று இதற்கு மேல் யார் நிரூபிக்க வேண்டும்?

ஆக, ஆழம் வேண்டும். ஆழத்துக்கு விலையும் உண்டு. அந்த விலையை யார் தருவது என்பதில்தான் 2018-க்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. அந்த ஆண்டு அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. மாறிப்போக விரும்பும் மாணவர் தன் பெயரை அதில் பதிந்தால் போதும். 2021-இல் ஒரு முறை அணி மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள், அதே ஆண்டு ஜூலையில் தங்கள் பெயர், முகத்தை வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. 2024-இல் படிப்பில் ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வருமானத்தில் ஒரு பங்கை நேரடியாக ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம். பழைய 85 உதவித்தொகை வரம்பும் போய், ஃபுட்பால் அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்தது.

இதனால் மூன்று நல்ல குவார்ட்டர்பேக்குகள் ஒரே அணியில் காத்திருப்பது இனி நடக்காது என்கிறார்கள் ரசிகர்கள். பெருமளவு சரிதான். பணம் கொடுத்தாலும் களத்தில் இறங்கும் வாய்ப்பைப் பணத்தால் கொடுக்க முடியாது. அந்த வயதில் ஆட வேண்டும் என்பதுதான் ஆசை. நல்ல இரண்டாவது ஆள் பலர் போகத்தான் செய்வார்கள், சில அணிகள் டிசம்பரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கத்தான் செய்யும். இந்த நஷ்டம் உண்மையானது. ஆண்டுக்கு ஒரு அணி என்று மாறுகிற பையனின் படிப்பு என்ன ஆகும் என்ற கவலையும் நியாயமானது.

ஆனால் இந்த நஷ்டம் புதிதாக முளைத்தது அல்ல. முன்பும் இருந்தது. அப்போது அதைப் பையன் சுமந்தான், அதனால் ரசிகர் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது அணி சுமக்கிறது, அதனால் தெரிகிறது. இரண்டாவது ஆள் வேண்டும் என்றால் இனி கோச் அவனுக்கு ஒழுங்கான பங்கு கொடுக்க வேண்டும். எப்போது வாய்ப்பு வரும், வருமா வராதா என்று உண்மையைச் சொல்ல வேண்டும். முக்கியமாக, உன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். 2018-இல் ஹர்ட்ஸ் கேட்டது பணத்தை அல்ல, இந்தக் கடைசி ஒன்றைத்தான். அதற்குச் செலவு ஒரு டாலர்கூட கிடையாது.

மூன்றாவது கத்தியை மறந்துவிடக் கூடாது. மாக் ஜோன்ஸ். ஹர்ட்ஸ் கட்சி, டுவா கட்சி என்று ஊரே அடித்துக்கொண்டபோது அவருக்கென்று ஒரு கட்சி இல்லை. 2019 நவம்பரில் டுவாவின் இடுப்பு எலும்பில் அடிபட்டபோதுதான் அவர் பெயரே பலருக்கு நினைவுக்கு வந்தது. 2020-இல் அணியை 13 ஆட்டம், 13 வெற்றி என்று கொண்டுபோய், இறுதி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டை 52-24 என்று ஜெயித்தார். காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அவரை மட்டும் காட்டி "காத்திரு" என்று எல்லோருக்கும் சொல்வது, லாட்டரியில் விழுந்தவனைக் காட்டி எல்லோரையும் சீட்டு வாங்கச் சொல்வது மாதிரி. காத்திருந்து காத்திருந்து ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ஹர்ட்ஸ் 46 கெஜத்துக்கு ஒரு பந்து எறிந்தார். டச் டவுன். பிடித்தவர் டெவோன்டா ஸ்மித். ஏழு வருடங்களுக்கு முன் அட்லாண்டாவில், ஹர்ட்ஸ் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது டுவாவின் பந்தைப் பிடித்த அதே ஸ்மித். ஆட்ட நாயகன் விருது ஹர்ட்ஸுக்கு.

அன்றைக்கு அலபாமா ரசிகர்களும் கொண்டாடியிருப்பார்கள், எங்கள் பையன் என்று. ஒக்லஹோமா ரசிகர்களும் எங்கள் பையன் என்றிருப்பார்கள். இரண்டும் உண்மைதான். ஒரு இடத்தில் இருந்தான், நேரம் வந்ததும் இன்னொரு இடத்துக்குப் போனான். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தான். இருந்ததற்காகக் கைதட்டுகிறவர்கள் போனதற்காகவும் கைதட்டலாம். அடுத்த முறை பட்டியலில் இரண்டாவது பெயர் ஒன்று கிளம்பிப் போகும்போது, திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இத்தனை நாள் அவன் நின்றுகொண்டிருந்தானே, அதற்கு யார் என்ன கொடுத்தார்கள்?